பாலாறு என்றான், ஆட்டம் முடிந்தது

எதிரெதிரே இருவர். ஒருவர் சொல்லும் சொல்லின் கடைசி எழுத்தில் அடுத்தவர் தொடங்க வேண்டும், அவகாசம் பத்து நொடி. இவ்வளவுதான் நான் போனுக்காகச் செய்த ஆட்டம். சர்வர், லாகின், திரை எல்லாம் மூன்று வாரத்தில் முடிந்தன. மிச்சம் எட்டு மாதம் தமிழ் எழுத்தோடு மல்லுக்கட்டியதில் போயிற்று.

முதல் அடி, எண்ணிக்கையில். 'வேலூர்' நமக்கு மூன்று எழுத்து. கம்ப்யூட்டர் எழுத்துகளைக் குறித்துவைக்கும் யூனிகோடில் அது ஆறு: வ, ஏகாரக் குறி, ல, ஊகாரக் குறி, ர, புள்ளி. நான்கெழுத்து 'அகரம்' ஐந்துதான். எழுத்துக்கு ஒரு மதிப்பெண் என்று வைத்திருந்தேனா, சின்னச் சொல் பெரிய சொல்லை ஜெயித்துக்கொண்டிருந்தது. குறிகளை முன்னெழுத்தோடு சேர்த்து எண்ணிய பிறகுதான் சரியானது.

அடுத்து அம்மா. 'கௌரவம்' என்று அடித்தார், அப்படி ஒரு சொல்லே இல்லை என்றது ஆட்டம். வீட்டில் அது நிஜமாகவே கௌரவப் பிரச்சினை ஆகிவிட்டது. பார்த்தால், பலரையும் போல அவரும் 'கெ' போட்டுப் பக்கத்தில் 'ள' போட்டிருக்கிறார். கண்ணுக்கு ஒன்றுதான், கம்ப்யூட்டருக்கு வேறு. ஒற்றைக்கொம்புக்குப் பின் 'ள' வந்தால் ஔகாரமாக்கு என்று அவசரமாக ஒரு வரி எழுதினேன். மறுநாள் 'வெள்ளி', 'வெளி', 'கெளுத்தி' எல்லாம் சிதைந்து கிடந்தன. இதைச் செய்யப்போகிறவர்களுக்குச் சொல்கிறேன்: அடித்த சொல் ஆட்டத்தின் சொற்பட்டியலில் இல்லையென்றால் மட்டும் மாற்றிப் பாருங்கள்.

பெரிய அடி காட்பாடியிலிருந்து வந்தது. சித்தப்பா பையனை ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆடக் கூப்பிட்டேன். "ஊர், ஆறு பேரெல்லாம் செல்லுமாண்ணா?" என்றான். செல்லும் என்று தலையாட்டினேன், புத்தி கெட்டுப்போய். 'பாலாறு' என்றான். 'று'வில் நான் எங்கே போவேன்? பத்து நொடியில் என் வாயும் பாலாறு மாதிரியே வறண்டது. அடுத்த ஆட்டத்தில் 'ஆரணி', அதற்கடுத்து 'செய்யாறு'. நம் பக்கத்து ஊரும் ஆறும் இப்படியா சதி செய்யும்!

ற, ன, ண, ள, ழ இவற்றில் முடியும் சொற்களைத் தடை செய்தேன். மீன் போயிற்று, கடவுள் போனார், கடைசியில் 'தமிழ்' என்ற சொல்லே செல்லாது என்றது தமிழ் ஆட்டம். வெட்கமாகப் போய்விட்டது. தடையை எடுத்துவிட்டு, கடைசி எழுத்தில் சொல் தொடங்காதென்றால் அதற்கு முந்தைய எழுத்து என்று மாற்றினேன். தமிழுக்கு மிளகு, செய்யாறுக்கு யானை. பாலாறுக்கு லாடம். மூன்று மாதத் தலைவலி இந்த ஒரு விதியில் தீர்ந்தது.

நொடிக்கணக்கைப் போனில் வைக்காதீர்கள். பையன் போன் கடிகாரத்தைப் பின்னால் தள்ளி வைத்து ஆடியதைக் கண்டுபிடிக்கவே எனக்கு இரண்டு வாரம் ஆனது. இப்போது சர்வர் கடிகாரம்தான்.

அப்புறம் பிளே ஸ்டோர். புதிய தனிநபர் கணக்கென்றால் வெளியிடும் முன் 12 பேர் தொடர்ந்து 14 நாள் சோதனையில் சேர்ந்திருக்க வேண்டும். சரியாகப் பன்னிரண்டு பேரைப் பிடித்தேன். பதினோராம் நாள் குடியாத்தம் நண்பன் ஒருவன், "தினமும் நோட்டிபிகேஷன் தொல்லைடா" என்று விலகிவிட்டான். மறுபடி முதலிலிருந்து. பதினாறு பேரையாவது சேர்த்துக்கொள்ளுங்கள், நண்பர்களை நம்பாதீர்கள்.

போன வாரம் ஆட்டம் வெளியாகிவிட்டது. நேற்று அம்மாவிடமிருந்து போன். 'ஔவையார்' அடித்தாராம், இல்லை என்கிறதாம். கேட்டால் 'ஒ' போட்டு, பக்கத்தில் 'ள' போட்டிருக்கிறார்.