பூம்பாறைக்குக் கூட்டிப்போகிற வேலை

கொடைக்கானலில் வழிகாட்டி வேலைக்கு வந்து 13 வருடம் ஆகிறது. ஏரி, தூண் பாறை என்று டவுனைச் சுற்றிக் காட்டுவதை விட்டுவிட்டேன். மலைக் கிராமங்களுக்கு ஒருநாள் பயணம் கூட்டிப்போவதுதான் இப்போது முழு நேர வேலை.

ஆரம்பத்தில் ஒரு ஏஜென்சிக்கு ஓடிக்கொண்டிருந்தேன். காலையில் கையில் ஒரு பட்டியலைக் கொடுத்துவிடுவார்கள். பேத்துப்பாறை, பூம்பாறை, மன்னவனூர், கவுஞ்சி, பூண்டி, கிளாவரை. அத்தனையும் முடித்து இருட்டுவதற்குள் திரும்ப வேண்டும். அதில் பூம்பாறைக்கு அரை மணி நேரம். ஊருக்கு மேலே ரோட்டோரம் வண்டியை நிறுத்தி 10 நிமிடம் போட்டோ, அப்புறம் குழந்தை வேலப்பர் கோயிலில் 20 நிமிடம். படிப்படியாக இறங்கும் வயல்கள், நடுவில் நெருக்கியடித்து நிற்கும் வீடுகள், இதை மேலேயிருந்து கை நீட்டிக் காட்டுவேன். கோயிலில், பழனி முருகன் சிலை ஒன்பது பாஷாணம் சேர்ந்த நவபாஷாணம், இங்கே இருக்கும் சிலை போகர் சித்தர் பத்து பாஷாணம் சேர்த்துச் செய்த தசபாஷாணம் என்று ஊர் நம்பிக்கையைச் சொல்வேன். வண்டி கிளம்பிவிடும்.

ஒரு ஐப்பசி மாதம், சென்னையிலிருந்து வந்த ஒரு குடும்பத்தோடு போனேன். ரோட்டு மேட்டில் ஒன்றும் தெரியவில்லை. பள்ளம் முழுக்க மஞ்சு. கொஞ்ச நேரத்தில் மழையும் பிடித்துக்கொண்டது. "இதைப் பார்க்கவா இவ்வளவு தூரம் வந்தோம்?" என்று அவர்கள் கேட்டதில் தப்பு இல்லை. வேறு வழி தெரியாமல் ஊருக்குள் இறங்கினோம். கோயில் தெருவில் எனக்கு முகப்பழக்கமான ஒரு பாட்டி, "நனையாம உள்ள வாங்க தம்பி" என்று கூப்பிட்டார். ஆறு பேரும் அவருடைய அடுப்படியில் போய் உட்கார்ந்தோம்.

அடுப்புக்கு மேலே கட்டுக் கட்டாகப் பூண்டு தொங்கியது. புகையேறிப் பழுப்பாக இருந்தது. அந்தக் குடும்பத்தின் சின்னப் பெண், "பூண்டு ஏன் இப்படிக் கருத்துப் போயிருக்கு?" என்று என்னைக் கேட்டாள். "மலைப்பூண்டு அப்படித்தான் இருக்கும்மா" என்றேன். அதற்கு முன்பும் எத்தனையோ பேரிடம் அதையேதான் சொல்லியிருக்கிறேன். பாட்டி திரும்பி, "அப்படி இல்ல தம்பி, புகையில போடுறோம். புகை பட்டாத்தான் பூச்சி அண்டாது, விதைக்கு நிக்கும்" என்றார். வருடத்துக்கு இரண்டு போகம், நல்லபடி வைத்தால் ஒரு வருடம்வரை கெடாது, மீதி வடுகபட்டிச் சந்தைக்குப் போகும் என்று அடுத்தடுத்துச் சொல்லிக்கொண்டே போனார். மூன்று வருடமாக அந்த ஊருக்கு ஆட்களைக் கூட்டிவந்தவன் நான். எனக்கு முகம் சுருங்கிவிட்டது.

மழை விடவில்லை. பாட்டி கோயில் கதைக்குப் போனார். அருணகிரிநாதர் ஒரு ராத்திரி அங்கே படுத்திருந்தபோது அவரைக் கொல்ல ஒரு ராட்சசி வந்தாளாம். முருகன் குழந்தையாக வந்து, அவருடைய காவித் துணியைப் போர்த்திக்கொண்டு பக்கத்தில் படுத்துக்கொண்டானாம். தாயும் பிள்ளையும் தூங்குகிறார்கள் என்று நினைத்து அவள் போய்விட்டாளாம். அதனால்தான் குழந்தை வேலப்பர். அப்புறம் தை மாதத் தேரைப் பற்றிச் சொன்னார். ஊர் சரிவில் இருப்பதால் தேருக்கு முன்னாலும் வடம், பின்னாலும் வடம். முன்னால் இழுப்பவர்களுக்குச் சமமாகப் பின்னால் இழுத்துப் பிடிக்கவும் ஆள் வேண்டும். இல்லையென்றால் இறக்கத்தில் தேர் ஓடிவிடும்.

அன்றைக்கு மன்னவனூரும் பார்க்கவில்லை, கிளாவரையும் பார்க்கவில்லை. ஆனால் அந்தக் குடும்பம் போகும்போது என் கையைப் பிடித்து நன்றி சொன்னது. ஏஜென்சியில் திட்டு விழுந்தது. அடுத்த சீசனுக்கு முன்பே விலகித் தனியாக ஆரம்பித்துவிட்டேன். விருந்தினர் இல்லாத நாட்களில் பஸ் ஏறிப் பூம்பாறைக்குப் போய், வயலில் நின்று கேட்டுக் கேட்டுத்தான் தொழிலைக் கற்றுக்கொண்டேன். கொடைக்கானல் மலைப்பூண்டுக்கு 2019ல் புவிசார் குறியீடு கிடைத்தபோது அந்தத் தெருவில் நானும் இருந்து சந்தோஷப்பட்டேன்.

இப்போது ஒரு நாளில் இரண்டே இடம். காலையில் பேத்துப்பாறையில் கற்திட்டைகள், அதாவது பலகைக் கற்களை நிறுத்தி மேலே ஒரு மூடுகல்லை வைத்த பழங்கால அமைப்புகள். அங்கே மட்டும் நான் கொஞ்சம் கறாராக இருப்பேன். குள்ளர்கள் வாழ்ந்த குகை என்று அக்கம்பக்கத்தில் சொல்வார்கள். ஆனால் அவை இரும்புக் கால மக்கள் தங்கள் இறந்தவர்களுக்கு எழுப்பியவை. ஆங்லேட், நியூட்டன் என்ற இரண்டு சேசு சபைக் குருக்கள் இந்த மலையின் கற்திட்டைகளைத் தேடி நடந்து எழுதியதைத் தொல்லியல் துறை 1928ல் வெளியிட்டது. மூடுகல்லின் மேல் ஏறி நின்று செல்ஃபி எடுக்க யாராவது காலைத் தூக்கினால் உடனே தடுத்துவிடுவேன். சிலர் கோபித்துக்கொள்வதுண்டு. ஒரு கல் சரிந்தால் அதைத் திரும்ப நிறுத்த நம்மிடம் ஆள் கிடையாது, அவ்வளவுதான்.

அங்கிருந்து நேராகப் பூம்பாறை. மதியச் சாப்பாடு ஊரில் ஏதாவது ஒரு வீட்டில். அந்தப் பணத்தை விருந்தினரே வீட்டுக்காரர் கையில் கொடுத்துவிட வேண்டும், நடுவில் நான் தொட மாட்டேன். கேட்காமல் யாரையும் போட்டோ எடுக்கக் கூடாது என்று வண்டியிலேயே சொல்லிவிடுவேன். பூண்டைப் பற்றி யாராவது கேட்டால் எனக்குத் தெரிந்தாலும் வாய் திறப்பதில்லை, பாட்டியைப் பார்ப்பேன். அவர்தான் சொல்ல வேண்டும்.

இன்னொன்றையும் மாற்றினேன். ரோட்டு மேட்டில் போகும்போது நிறுத்துவதில்லை. சாயங்காலம் திரும்பும்போதுதான் நிறுத்துகிறேன். இப்போது இறங்குகிறவர்கள் முதலில் கேமராவைத் தேடுவதில்லை. தகரக் கூரைகளுக்கு நடுவே கோயிலைக் கண்டுபிடித்து, அங்கிருந்து தெருவை எண்ணிக்கொண்டு போய், புகை கிளம்பும் ஒரு கூரையைக் காட்டி, "அதுதானே நாம சாப்பிட்ட வீடு?" என்று என்னைக் கேட்கிறார்கள்.