பிக்கப் வண்டிக்கு வெளிச்சமான ரிவர்ஸ் லைட் போட்ட அனுபவம்

இருட்டில் காரைப் பின்னால் எடுப்பது வேறு, பிக்கப்பைப் பின்னால் எடுப்பது வேறு. வண்டி நீளம். டெயில்கேட் (சரக்குப் பெட்டியின் பின்கதவு) மூடியிருந்தால் அதை ஒட்டிச் சில அடி தூரத்துக்குத் தரையே கண்ணில் படாது. பின்கண்ணாடி கறுப்பாக இருந்தால் இன்னும் மோசம். ரிவர்ஸ் கேமரா இருக்கிறதே என்று கேட்கலாம். வெளிச்சம் இல்லாத இடத்தில் அதுவும் மங்கலாக, புள்ளி புள்ளியாகத்தான் காட்டும். குழந்தைகள் ஓடித் திரியும் இடத்தில் குத்துமதிப்பாக வண்டியை நகர்த்த எனக்கு மனம் ஒப்பவில்லை.

சரி, முதலில் பல்பு. ரிவர்ஸ் விளக்குகளில் அதிகம் பார்க்கக் கிடைப்பது கண்ணாடி அடி கொண்ட 16 வாட் பல்பு (டபிள்யூ16டபிள்யூ), இல்லையென்றால் உலோக அடி கொண்ட 21 வாட் பல்பு (பி21டபிள்யூ). முன்னது சுமார் 310 லூமென் (வெளிச்சத்தின் அளவு) தரும், பின்னது சுமார் 460. என் வண்டியில் இருந்தது 16 வாட். அதே அடி கொண்ட எல்இடி பல்புகளைப் போட்டேன். ஒரு பக்கம் எரியவில்லை. எல்இடிக்கு பிளஸ், மைனஸ் உண்டு என்பதால் கழற்றித் திருப்பிச் செருகியதும் எரிந்தது. வெளிச்சம் கூடியது உண்மைதான், ஆனால் வேண்டிய இடத்தில் விழவில்லை. விளக்கின் உள்ளே இருக்கும் ரிஃப்ளெக்டர், பழைய பல்பின் இழை எங்கே இருக்குமோ அதைக் கணக்கில் வைத்து வடிவமைக்கப்பட்டது. எல்இடியில் ஒளி வேறு இடங்களிலிருந்து கிளம்பும்போது அந்தக் கணக்கு மாறிவிடுகிறது. பம்பருக்குப் பின்னால் பளிச்சென்று இருந்தது, இரண்டு பக்கமும் இருட்டு. வண்டியை ஒடித்துத் திருப்பும்போது தூணும் கல்லும் இருப்பது பக்கத்தில்தானே?

அதனால் பம்பருக்கு அடியில் தனியாக 18 வாட் எல்இடி விளக்குகள் இரண்டு. ஒளியைப் பரவலாக வீசும் ஃப்ளட் வகைதான் வேண்டும். ஸ்பாட் வகை தூரத்தில் ஒரே இடத்தைக் குறிவைக்கும், ரிவர்ஸுக்கு அதனால் பயனில்லை. ஐபி67 தரம் உள்ளதா என்று பார்த்தேன். 1 மீட்டர் ஆழத் தண்ணீரில் 30 நிமிடம் கிடந்தாலும் உள்ளே நீர் புகாது என்பது அந்தத் தரத்துக்கான சோதனை.

உண்மையான வேலை வயரிங்கில்தான். பழைய ரிவர்ஸ் லைட் வயரிலேயே புது விளக்கையும் கோத்துவிடச் சொல்பவர்கள் உண்டு. நான் அதைச் செய்யவில்லை. இரண்டு விளக்கும் சேர்ந்து 36 வாட், 12 வோல்ட்டில் 3 ஆம்பியர். அந்த வயரும் ஃப்யூஸும் சின்னப் பல்புகளுக்காகப் போட்டவை. புதிய வண்டிகளில் கம்ப்யூட்டரே விளக்குகளின் மின்னோட்டத்தைக் கவனிக்கும், கூடினால் பிழை காட்டும், சில சமயம் இணைப்பையே நிறுத்திவிடும். ரிலே, அதாவது சின்ன மின்சாரத்தால் பெரிய மின்சாரத்தைத் திறந்து மூடும் சுவிட்ச், போட்டால் இந்தத் தொல்லை இல்லை. பழைய வயரிலிருந்து சமிக்ஞை மட்டும் வரும், மின்சாரம் பேட்டரியிலிருந்து வரும்.

ரிலேயின் 86-ஆம் முனை ரிவர்ஸ் வயருக்கு, 85 எர்த்துக்கு (வண்டியின் இரும்புச் சட்டம்). 30 பேட்டரிக்கு, 87 விளக்குகளுக்கு. உள்ளே டயோடு (மின்சாரத்தை ஒரே திசையில் விடும் பாகம்) உள்ள ரிலே வாங்கினேன். ரிலேயின் கம்பிச் சுருளில் மின்சாரம் அறுபடும்போது எழும் மின்னழுத்த வீச்சு வண்டியின் கம்ப்யூட்டருக்குப் போகாமல் அது தடுக்கும். அந்த வகையில் 85, 86 இடம் மாறக்கூடாது. 5 ஆம்பியர் ஃப்யூஸை பேட்டரிக்கு மிக அருகில் வைத்தேன். நீளமான வயர் வழியில் எங்கே உரசிச் சேஸிஸைத் தொட்டாலும் ஃப்யூஸ்தான் முதலில் போக வேண்டும், தீப்பிடிக்கக் கூடாது.

ரிவர்ஸ் வயரை நிறத்தை வைத்து நம்பாதீர்கள். சக்கரத்துக்குக் கட்டை கொடுத்து, ஹேண்ட்பிரேக் போட்டு, எஞ்சினை ஓட்டாமல் சாவியை மட்டும் ஆன் செய்து, கியரை ரிவர்ஸில் போட்டேன். மல்டிமீட்டரில் 12 வோல்ட் காட்டி, கியரை எடுத்ததும் பூஜ்யமான வயர்தான் அது. பிறகு 1.5 சதுர மில்லிமீட்டர் வயரை நெளிவுக் குழாய்க்குள் விட்டு, சேஸிஸை ஒட்டிக் கொண்டுபோனேன். சைலன்சர் பக்கம் போகக்கூடாது, அச்சு ஏறி இறங்கும் இடத்திலும் கூடாது. சரக்குப் பெட்டிக்கு அடியில் ஸ்டெப்னி தொங்கும் வண்டியானால் அதை இறக்கி ஏற்றும் பாதையையும் பார்க்க வேண்டும், பலர் இதை மறந்துவிடுகிறார்கள். எர்த் கொடுத்த இடத்தில் பெயின்டைச் சுரண்டி, வெறும் இரும்பில் போல்ட் போட்டேன்.

அப்புறம் கோணம். விளக்குகளைக் கொஞ்சம் கீழ்நோக்கி, கொஞ்சம் வெளிப்பக்கமாகத் திருப்பினேன். நேராக வைத்தால் பின்னால் நிற்பவரின் கண் கூசும். கேமராவின் பார்வைக்குள் விளக்கு வந்தால் திரை வெளுத்துவிடும் என்பதால் சற்று உள்தள்ளி மாட்டினேன்.

கேபினில் தனி சுவிட்ச் வைக்கவில்லை. ஐ.நா.வின் வாகன ஒழுங்குமுறை 48-இன்படி ரிவர்ஸ் விளக்கு ரிவர்ஸ் கியரில் மட்டுமே எரியலாம், தரையிலிருந்து 250 முதல் 1,200 மில்லிமீட்டர் உயரத்துக்குள் இருக்க வேண்டும். எத்தனை விளக்கு என்பதற்கும் அதில் வரம்பு உண்டு. எனவே பொதுச் சாலையில் ஓடும் வண்டிக்குக் கூடுதல் விளக்கு போடுமுன் உங்கள் இடத்து விதியைப் பார்த்துவிடுங்கள்.

இப்போது கேமரா திரையில் குழியும் கல்லும் தனித்தனியாகத் தெரிகின்றன, இரண்டு பக்கமும் தெரிகிறது. சேற்றுப் பாதையில் போய் வந்தால் விளக்கின் முகத்தைத் துடைத்துவிட்டு எர்த் போல்ட்டையும் பார்த்துக்கொள்கிறேன். வெளிச்சம் மினுக்கினால் முதலில் தேட வேண்டிய இடம் அதுதான்.