தாடிக்காரர் வீடும் ஆச்சியின் வாளியும்

சிறுவனாக இருந்தபோது ஈர்க்குச்சியில் சுருக்குப் போட்டு ஓணான் பிடித்ததற்காக அம்மாவிடம் நான் வாங்கிய அடிக்குக் கணக்கில்லை. அதே நான், நாற்பத்து நான்கு வயதில், மெல்போர்னில், காசு கொடுத்து ஓர் ஓணான் வாங்கினேன். மகனின் பிறந்தநாள் பரிசு. ஆஸ்திரேலியாவின் உள்நாட்டு வறண்ட நிலத்தில் வாழும் இனம். கோபம் வந்தால் தொண்டைத் தோல் உப்பிக் கன்னங்கரேலென்று ஆகிவிடும். தாடி வைத்தது போலத் தெரியும். விக்டோரியா மாநிலத்தில் அதை வளர்க்க அரசு உரிமம் வேண்டும். அதையும் வாங்கினேன்.

ஊரில் வெயில் தாங்க முடியவில்லை என்று ஜூன் மாதம் திருநெல்வேலியிலிருந்து அம்மா வந்தார். இங்கே ஜூன் என்றால் கடுங்குளிர் என்பதை நான் சொல்ல மறந்துவிட்டேன். வந்த இரண்டாம் நாளே, மங்கி குல்லாவும் கம்பளியுமாகக் கூடத்துக் கண்ணாடிப் பெட்டி முன் நின்று எல்லாவற்றையும் விசாரித்து முடித்தார்.

“கார் ஓட்டும் உரிமம் உனக்கு மூன்றாவது தடவைதானே கிடைத்தது? ஓணானுக்கு மட்டும் முதல் தடவையே கொடுத்துவிட்டார்களா?”

பெட்டிக்குள் விளக்கடியில் நாற்பது டிகிரி என்று வெப்பமானி காட்டியது. வீட்டு ஹீட்டரை இருபதுக்கு மேல் ஏற்றினால் மின்கட்டணம் பற்றிப் பேசுகிறவன் நான். அம்மா வெப்பமானியையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். அன்று முதல் அது அவருக்குத் ‘தாடிக்காரர்’ ஆகிவிட்டது. மரியாதையா, பொறாமையா, இன்றுவரை தெரியவில்லை.

பெட்டியைச் சுத்தம் செய்வது அதுவரை என் வேலை. ஓணான் சிறுநீரைத் தண்ணீராகக் கழிக்காது. சுண்ணாம்புக் கட்டி போல வெள்ளையாக ஒன்று எச்சத்தோடு சேர்ந்து விழும். காய்ந்தால் தரையில் ஒட்டிக்கொண்டு, பழைய தோசைக்கல்லைச் சுரண்டுகிற பாடுதான். ஒரு ஞாயிற்றுக்கிழமை கண்ணாடிக் கறை போக வினிகர் தெளித்துத் துடைத்தேன். பளபளவென்று இருந்தது. பளபளப்பைப் பார்த்ததும் ஆசை கூடிவிட்டது. கிருமியும் சாகட்டும் என்று, தண்ணீர் விட்டு அலசாமலே அதன்மேல் பிளீச்சைத் தெளித்தேன்.

பள்ளியில் வேதியியல் படித்தவன்தான் நான். அமிலத்தோடு பிளீச் சேர்ந்தால் குளோரின் வாயு வரும் என்று தேர்வில் எழுதி மதிப்பெண்ணும் வாங்கியிருக்கிறேன். அது மூக்கு வழியாக நினைவுக்கு வந்தது. கண் எரிய, இருமிக்கொண்டே சன்னல்களைத் திறந்து, எல்லோரையும் வெளியே விரட்டினேன். தாடிக்காரர் அப்போது பக்கத்திலேயே ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் இருந்தார். மகன் டப்பாவோடு ஓடினான். வெளியே ஒன்பது டிகிரி. அவருக்குச் சொந்தமாக உடல்சூடு கிடையாது. வெளியே இருக்கிற குளிர்தான் உள்ளேயும். அம்மா ஒரு நொடி யோசித்தார். தலையிலிருந்த மங்கி குல்லாவைக் கழற்றி, தாடிக்காரரை அதற்குள் விட்டார். முகம் வைக்கிற ஓட்டை வழியாக அவர் முகம் வெளியே தெரிந்தது. எதிர்வீட்டுக்காரர் குப்பைத்தொட்டியை உருட்டிக்கொண்டு வந்தவர், அப்படியே நின்று பார்த்துவிட்டு, ஒன்றும் கேட்காமல் உள்ளே போய்விட்டார்.

அன்றோடு என் பதவி பறிபோனது. “வீடு கழுவத் தெரியாதவனிடம் பெட்டியைக் கொடுத்தால் இப்படித்தான்” என்று அம்மா வாளியை எடுத்துக்கொண்டார்.

ஐம்பது வருடம் வீடு கழுவிய கை. அதன் நம்பிக்கையெல்லாம் பினாயில் மேல். இங்கே பினாயில் கிடைக்காத குறையை, சலவை அறையில் இருந்த பழுப்பு நிறக் கிருமிநாசினி தீர்த்துவைத்தது. தாராளமாக இரண்டு மூடி ஊற்றினார். வாளித் தண்ணீர் பாலாக வெளுத்தது. வீடு முழுக்க அரசு மருத்துவமனை வாசனை. பெட்டியைத் துடைத்து, விளக்கைப் போட்டு, தாடிக்காரரை உள்ளே விட்டார்.

கால் மணி நேரத்தில் தாடி கறுத்தது. கண்ணை மூடிக்கொண்டு, வாயைப் பிளந்து, பெட்டியின் மூலைக்குப் போய்க் கண்ணாடியைப் பிராண்டினார். மகன் அழ ஆரம்பித்தான். அவரை வெளியே எடுத்து, வெதுவெதுப்பான தண்ணீரில் அலசி, காருக்கு ஓடினோம். குல்லா இந்த முறை தயாராக இருந்தது.

ஊர்வன பார்க்கிற கால்நடை மருத்துவர் ஓர் இளம்பெண். அவர் ஆங்கிலத்தில் கேட்க, நான் தமிழாக்க, அம்மா பதில் சொன்னார்.

“தண்ணீரில் ஊற்றினால் அது வெள்ளையாக மாறுமா?”

“மாறுமாவா? சுத்தப் பசும்பால் மாதிரி வெளுக்கும். அவ்வளவு நல்ல சரக்கு” என்றார் அம்மா பெருமையாக.

மருத்துவர் தலையசைத்த விதத்திலேயே பதில் தெரிந்துவிட்டது. அப்படி வெளுக்கிற கிருமிநாசினிகளில் பெரும்பாலும் பீனால் வகைச் சேர்மமோ பைன் எண்ணெயோ இருக்குமாம். நம் பினாயிலும் இந்தக் குடும்பம்தான். ஊர்வனவற்றுக்கு அது நஞ்சு, பூனைக்கும் ஆகாது. அதிலும் இது மூடிய பெட்டி, நாற்பது டிகிரிச் சூடு. மிச்சமிருக்கிற ஈரம் ஆவியாகி நேரே நுரையீரலுக்குப் போகும். போதாக்குறைக்குத் தாடிக்காரர் புதிதாக எதைக் கண்டாலும் ஒரு நக்கு நக்கிப் பார்த்துத்தான் முடிவுக்கு வருவார்.

இதையெல்லாம் சுருக்கி அம்மாவிடம் சொன்னேன். “வெளுத்ததெல்லாம் பால் இல்லை என்கிறாள் இந்தப் பெண். அவ்வளவுதானே, அதற்கு ஏன் இவ்வளவு ஆங்கிலம்?” என்றார்.

நல்ல வேளை, அன்று மாலையே தாடியின் கறுப்பு இறங்கிவிட்டது. பெட்டி துடைக்க மருத்துவர் ஒரு சிறு புட்டிக் கிருமிநாசினி கொடுத்தார். எஃப்10 என்று பெயர், தென்னாப்பிரிக்கத் தயாரிப்பு. விலையைக் கேட்டு நெஞ்சைப் பிடித்துக்கொண்டேன். ஆனால் ஒரு லிட்டர் தண்ணீருக்கு 4 மில்லி போதும் என்றதும் கையை எடுத்துவிட்டேன். அது இல்லாதபோது பிளீச்சே போதுமாம். தூண்டில் போட்டு இழுக்கிற எலுமிச்சை வாசனையெல்லாம் சேர்க்காத சாதா பிளீச், ஒரு பங்குக்குப் பத்துப் பங்கு தண்ணீர், வேறெதுவும் கலக்கக் கூடாது. ஆனால் முதலில் எச்சத்தைச் சுரண்டி, சோப்புத் தண்ணீரில் கழுவ வேண்டும். அழுக்கின்மேல் ஊற்றினால் மருந்து அழுக்கோடு சண்டை போட்டே தீர்ந்துவிடும், கிருமி சௌக்கியமாக இருக்கும். பிறகு பத்து நிமிடம் ஊறவிட்டு, நன்றாக அலசி, வாசனை துளியும் இல்லாமல் காயும்வரை தாடிக்காரர் வேறு அறையில் இருக்க வேண்டும்.

கழுவுகிற இடம் சமையலறைத் தொட்டியாக இருக்கக் கூடாது என்பதைத்தான் மருத்துவர் இரண்டு முறை சொன்னார். நோயே இல்லாத ஊர்வனவும் சால்மோனெல்லா என்கிற வயிற்றுப்போக்குக் கிருமியைச் சுமந்துகொண்டு திரியும். சிறு பிள்ளைகள் ஆமைக்குஞ்சை வாயில் வைத்து நோயில் விழுகிறார்கள் என்று, நான்கு அங்குலத்துக்குக் குறைந்த ஓடுள்ள ஆமைகளை விற்க அமெரிக்கா 1975-இலேயே தடை போட்டிருக்கிறது.

இதைக் கேட்டபோது நான் கொஞ்சம் வியர்த்தேன். அதற்கு முந்தைய வாரம்தான், பெட்டிக்குள் இருக்கும் கட்டையைச் சுத்தம் செய்ய வழி தேடி (மரம் பிளீச்சை உறிஞ்சி வைத்துக்கொள்ளும், கொதிக்கும் நீர்தான் சரி), யாரும் இல்லாத நேரம் பார்த்து இட்லிக் கொப்பரையில் வேகவைத்திருந்தேன். காரில் திரும்பும்போது உண்மையைச் சொன்னேன். மனைவி ஒன்றும் பேசவில்லை. வண்டியை டாண்டினாங் கடைத்தெருப் பக்கம் திருப்பச் சொன்னார். பழைய கொப்பரை இப்போது தாடிக்காரர் சொத்து. பக்கவாட்டில் மகன் ஓணான் படம் வரைந்திருக்கிறான்.

அம்மா மருந்தளவையெல்லாம் அன்றே பாடம் செய்துவிட்டார். பத்து நிமிடத்துக்கு மட்டும் கடிகாரம் பார்க்க மறுத்தார். அவர் தினமும் சொல்கிற முருகன் பாட்டு ஒன்று உண்டு. மருந்து தெளித்துவிட்டு அதை ஆரம்பிப்பார், முடிந்ததும் அலசுவார். நான் ரகசியமாக நேரம் குறித்துப் பார்த்தேன். பதினொன்றரை நிமிடம்.

மூன்று வாரம் கழித்து மறுபரிசோதனை. “பத்து நிமிடம் ஊறவிடுகிறீர்கள்தானே?” என்று மருத்துவர் கேட்டார்.

“ஆச்சி பாட்டு முடிகிறவரைக்கும்” என்றான் மகன்.

எவ்வளவு நேரப் பாட்டு என்று அவர் சாதாரணமாகத்தான் கேட்டார். நான் மொழிபெயர்த்திருக்கக் கூடாது. அம்மா தொண்டையைச் செருமிக்கொண்டு அங்கேயே ஆரம்பித்துவிட்டார். பரிசோதனை மேசைமேல் தாடிக்காரர் அசையாமல் உட்கார்ந்திருந்தார். நான்காவது நிமிடம் இருக்கும். வலது முன்னங்காலைத் தூக்கி, காற்றில் ஒரு வட்டம் போட்டு, மெதுவாக இறக்கினார். மறுபடி தூக்கினார்.

அம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது. “பார்த்தாயா, கும்பிடுகிறார்” என்றார்.

மருத்துவர் என் பக்கம் குனிந்து, எதிரில் இருப்பவர் தன்னைவிடப் பெரிய ஆள் என்று தெரிந்தால், ‘சரணாகதி, என்னை ஒன்றும் செய்துவிடாதே’ என்பதற்கு இந்த இனம் இப்படிக் கையசைக்கும் என்றார்.

என்ன சொல்கிறாள் என்று அம்மா கேட்டார்.

“ஆமாம், கும்பிடுகிறதாம்” என்றேன்.