அண்ணையின்ர நீச்சல் தடாகமும் என்ர கரண்ட் பில்லும்

கனடாவில இருக்கிற அண்ணை கோண்டாவில் வளவுக்க ஒரு நீச்சல் தடாகம் கட்டிப்போட்டுப் போயிட்டார். பாக்கிறது நான். முதல் மாசம் மோட்டரை இரவு பகலா ஓட விட்டன். பில்லைப் பாத்த அம்மா, "இதுக்கு ஓட்டோ பிடிச்சுக் கீரிமலையில போய்க் குளிச்சிருக்கலாம்" எண்டா.

பிறகுதான் கணக்குப் பாத்தன். தண்ணி 40,000 லீற்றர். மோட்டர் மணிக்கு 10,000 லீற்றர் இழுக்கும். முழுத் தண்ணியும் ஒருக்கா வடிகட்டிக்கால போய்வர 4 மணித்தியாலம் காணும். இப்ப டைமர் போட்டு 6 மணித்தியாலம், அதுவும் பகலில. வெயில் குளோரினைத் தின்னிற நேரம் அதுதானே.

வேப்பம்பூக் காலம்தான் வில்லங்கம். மோட்டருக்க தண்ணி போக முதல் குப்பை பிடிக்கிற கூடைக்க பூவும் சருகும் அப்பி, கையை விட்டா களி மாதிரி வரும். எடுக்காட்டி மீற்றர் ஓடும், தண்ணி ஓடாது. வடிகட்டியின்ர அமுக்கமானி, கழுவின அண்டைக்குக் காட்டினதை விட 8 பிஎஸ்ஐ ஏறினா உடன தண்ணியை எதிர்ப்பக்கமா விட்டு வடிகட்டியைக் கழுவுவன்.

வேகம் மாத்தக்கூடிய மோட்டர் ஒண்டு வாங்கித் தாங்கோ எண்டு அண்ணையைக் கேட்டிருக்கிறன். வேகத்தைப் பாதியாக்கினா தண்ணியும் பாதிதான் வரும், ஆனா கரண்ட் எட்டில ஒரு பங்களவுக்கு இறங்கும். இரண்டு மடங்கு நேரம் ஓடினாலும் லாபம்தான்.

"யோசிப்பம்" எண்டார். நத்தாருக்கு வாறாராம்.