ஏழு மதிப்பெண்

52, 41, 50. மொத்தம் 143. சி.ஏ. எனும் பட்டயக் கணக்காளர் படிப்பின் இறுதித் தேர்வில் ஒவ்வொரு தாளிலும் 40 வாங்கினால் மட்டும் போதாது. மூன்று தாள்கள் கொண்ட தொகுதிக்கு 150 வேண்டும். ஒரு தாளிலாவது 60 எடுத்திருந்தால் அதை மறுபடி எழுதுவதிலிருந்து விலக்குக் கிடைத்திருக்கும். அதுவும் இல்லை. மூன்றையும் மறுபடி எழுத வேண்டும்.

அதன் பிறகு இரவில் தூக்கம் வரவில்லை. புத்தகத்தைத் திறந்தாலே நெஞ்சு படபடத்தது. ஆச்சிதான் ஒரு நாள் விடியற்காலையில், "எழுந்திரு தாயி, ஆற்றுக்குப் போவோம்" என்று குறுக்குத்துறைக்கு அழைத்துப் போனாள். தாமிரபரணியில் கழுத்தளவு நின்றபோது, வாரக்கணக்கில் இறுகியிருந்த தோள்கள் இறங்கின. வெள்ளம் வந்தால் அங்கிருக்கும் முருகன் கோயிலையே ஆறு மூழ்கடித்துவிடும்; வடிந்ததும் சேற்றைக் கழுவிவிட்டுப் பூசை தொடங்கிவிடுவார்கள்.

இப்போது தினமும் போகிறேன். வருவாய் அங்கீகாரத்துக்கான, அதாவது வருவாயை எப்போது, எவ்வளவு கணக்கில் காட்டுவது என்பதற்கான ஐந்து படிநிலைகளையும் படித்துறையில் இறங்கிக்கொண்டே சொல்லிப் பார்க்கிறேன்: ஒப்பந்தம், கடப்பாடுகள், விலை, பங்கீடு, அங்கீகாரம். ஞாயிறுதோறும் கடிகாரம் வைத்து மூன்று மணி நேரம் முழுத்தாள் எழுதுகிறேன். வாசிப்பதற்கான முதல் பதினைந்து நிமிடத்தில் பேனாவைத் தொடுவதில்லை. எந்தக் கேள்வியை விடுவது என்று அப்போதே முடிவெடுக்கிறேன். என் பயத்தைப் பாதியாகக் குறைத்தது இந்தப் பழக்கம்தான். பத்து மணிக்குப் புத்தகத்தை மூடிவிடுகிறேன்.

நேற்று அப்படி எழுதிப் பார்த்த தணிக்கைத் தாளில் 58. ஆச்சியிடம் சொன்னேன். "இன்னும் ரெண்டுதானே" என்றாள், சொதிக்குத் தேங்காய் துருவிக்கொண்டே.