ஒரு லிட்டர் என்றால் எவ்வளவு?

பன்னிரண்டு வருடம் நர்ஸ் வேலை பார்த்துவிட்டுப் பொதுச் சுகாதாரம் படிக்கப் போனேன். ஆராய்ச்சியில் கண்டுபிடித்ததை ஜனங்களிடம் கொண்டுபோய்ச் சேர்ப்பது எப்படி என்று அதில் ஒரு தனிப் பாடம். முதல் வகுப்பே பேதிக்குக் கொடுக்கிற ஓ.ஆர்.எஸ். என்ற உப்பு-சர்க்கரைக் கரைசல் பற்றி, எனக்குக் கொட்டாவி வந்தது. தினமும் கைநிறைய அள்ளிக் கொடுத்த பொட்டலம், அதில் படிக்க என்ன இருக்கிறது?

கதை என்னவோ நல்ல கதைதான். குடல் குளுக்கோஸை உறிஞ்சும்போது சோடியத்தையும் சேர்த்து இழுக்கும், தண்ணீர் பின்னாலேயே போகும். 1971-இல் மேற்கு வங்கத்துப் போங்காவ் அகதி முகாமில் காலரா பரவி, நரம்பில் ஏற்றுகிற சலைன் தீர்ந்துபோனபோது, டாக்டர் திலீப் மகலனாபிஸ் உப்பு, சோடா உப்பு, குளுக்கோஸ் மூன்றையும் கரைத்து டிரம்மில் வைத்து, நோயாளியின் வீட்டாரையே பிடித்துக் கொடுக்கச் சொன்னார். நூற்றுக்கு 30 பேர் செத்துக்கொண்டிருந்தது 4-க்கும் கீழே இறங்கியது.

அப்புறம் களப்பணி. ஒன்றரை வயதுக் குழந்தைக்கு இரண்டு நாளாகப் பேதி. அம்மா பொட்டலத்தைக் கொண்டுவந்து காட்டினாள், வாயை மடித்து ரப்பர் பேண்ட் போட்டிருந்தது.

"டம்ளருக்கு ஒரு ஸ்பூன் போட்டுக் கலக்குறேங்க்கா. மொத்தமா கலக்குனா வீணாப் போயிடும்ல?"

அவள் சொல்வதும் நியாயம்தான், கலக்கியதில் மிஞ்சியதை 24 மணி நேரத்துக்கு மேல் வைக்கக் கூடாது என்று நாங்களே சொல்கிறோம். ஆனால் ஸ்பூன் குவிந்தால் உப்பு கூடிவிடும், குழந்தைக்கு அது ஆபத்து. முழுப் பொட்டலத்தையும் ஒரு லிட்டர் தண்ணீரில் கரைப்பதுதான் சரி. ஒரு லிட்டர் பிடிக்கிற பாத்திரம் எது என்று கேட்டேன். செம்பைக் காட்டினாள், குடத்தைக் காட்டினாள், கடைசியில் பரண்மேல் கிடந்த பழைய தண்ணீர் பாட்டில்தான் கைகொடுத்தது. இந்தக் கேள்வியை நான் பன்னிரண்டு வருடத்தில் ஒரு தாயிடமும் கேட்டதில்லை. 200 மில்லிக்கான சின்னப் பொட்டலமும் இருக்கிறது, என் கைக்கு வந்ததெல்லாம் பெரியதுதான்.

வங்கதேசத்தில் 1980-இல் பிராக் என்ற தொண்டு நிறுவனம் இந்தக் கரைசலைச் சொல்லிக்கொடுக்க வீடுவீடாகப் போனபோது லிட்டர் பேச்சையே எடுக்கவில்லை. மூன்று விரலால் அள்ளிய உப்பு, ஒரு பிடி வெல்லம், அரை சேர் (அங்கே வீட்டில் புழங்கிய பழைய அளவு, ஏறக்குறைய அரை லிட்டர்) தண்ணீர், அவ்வளவுதான். தாய்மார்களுக்கு எவ்வளவு நினைவிருக்கிறது என்று பார்த்துத்தான் சொல்லிக்கொடுத்தவர்களுக்குக் கூலி. என் சம்பளத்தை அப்படிக் கணக்குப் போட்டிருந்தால் பாதி மாதம் பட்டினிதான்.

பாட்டிலில் கோடு போட்டுக் கொடுத்துவிட்டுக் கிளம்பும்போது அவள் கேட்டாள், "இதக் குடிச்சா பேதி நின்னுடுமாக்கா?"

நிற்காது. போகிற தண்ணீரை ஈடுகட்டும், அவ்வளவுதான். அதைச் சொன்னதும் அவள் முகம் போன போக்கைப் பார்த்து, மறுபடியும் திண்ணையில் உட்கார்ந்தேன்.