இடது காதுக்குச் சிறியது, வலது காதுக்கு நடுத்தரம்

இடது காதில் கும்கி கேட்டுவிட்டது! மிருதங்கத்தின் இடப்பக்கத் தோலான தொப்பியில் மணிக்கட்டை அழுத்தி நகர்த்தும்போது எழுகிறதே, அந்த வழுக்கும் கீழ்நாதம். பல மாதங்களாக என் வலது காதில் மட்டும்தான் அது முழுதாக இறங்கியது. இடது பக்கம் வெறும் தட்டல் ஓசையாக நின்றுவிடும். இப்போது இரண்டு பக்கமும் ஒரே எடையோடு வந்து தலையின் நடுவில் உட்காருகிறது. இயர்போன் முனையில் மாட்டிக் காதுக்குள் செருகும் மென்மையான உறைதான் டிப்; வலது காதில் நடுத்தர அளவு டிப்பை அப்படியே விட்டுவிட்டு, இடது காதுக்கு மட்டும் ஓர் அளவு சிறியதை மாட்டி ஆழமாகச் செருகியதில் கிடைத்த பலன் இது. இந்தச் சந்தோஷத்தில், கையிலுள்ள நான்கு கம்பி இயர்போன்களையும் முதலிலிருந்து மறுபடி ஒப்பிட உட்கார்ந்தேன்.

நான்கும் இவை: ஃபைனல் இ3000, மூன்டிராப் ஆரியா, ட்ரூதியர் ஹெக்ஸா, சென்ஹைசர் ஐஈ 200. ஆரியாவும் ஹெக்ஸாவும் 80 டாலர் விலையில் அறிமுகமானவை, ஐஈ 200 சுமார் 150 டாலர், இ3000 இவற்றுக்கெல்லாம் கீழே. இ3000, ஆரியா, ஐஈ 200 ஆகிய மூன்றிலும் ஒலியை எழுப்பும் பாகமான டிரைவர் ஒன்றே ஒன்று, அதுவும் டைனமிக் வகை. அளவு முறையே 6.4, 10, 7 மில்லிமீட்டர். ஹெக்ஸாவில் ஒரு டைனமிக்கோடு பேலன்ஸ்டு ஆர்மேச்சர் என்ற வேறு வகை டிரைவர்கள் மூன்று. டிரைவர் எண்ணிக்கையை வைத்துத் தரம் பேசுவதில் எனக்கு நம்பிக்கை கிடையாது, ஆகவே அதை இத்தோடு விடுகிறேன்.

டிப் பற்றித்தான் எனக்கு நிறையச் சொல்ல இருக்கிறது.

காதுக் குழாயின் வாயில் பெரிய டிப் இறுக்கமாக உட்கார்ந்தால் நன்றாக அடைத்துவிட்டது என்று தோன்றும். வெளிச் சத்தமும் ஓரளவு குறையும். ஆனால் குழாயின் வாய் வட்டமாக இருப்பதில்லை, அது ஒரு சாய்ந்த நீள்வட்டம். பெரிய டிப் அங்கே மடிந்து, மடிப்பின் ஓரத்தில் மயிரிழை இடைவெளி விட்டுவிடும். அந்த இடைவெளி வழியாக முதலில் கசிந்து போவது கீழ் அலைவரிசைதான். சிறிய டிப் முதல் வளைவைத் தாண்டி உள்ளே போய் மென்மையான சுவரில் ஒட்டும்போது அழுத்தம் குறைகிறது, அடைப்பு கூடுகிறது. காது வலிக்காமல் இருப்பதும் பேஸ் முழுதாகக் கேட்பதும் ஒரே இடத்தில்தான் கிடைக்கின்றன. சௌகரியத்துக்குத் தனி மதிப்பெண், ஒலிக்குத் தனி மதிப்பெண் என்று பிரித்துப் போடுவதை நான் நிறுத்திவிட்டேன்.

சோதிக்க எளிய வழி உண்டு. போனில் டோன் ஜெனரேட்டர் செயலி ஒன்றைத் திறந்து 40 ஹெர்ட்ஸை மெதுவாக ஒலிக்கவிடுங்கள். தலையை இடமும் வலமும் திருப்புங்கள், தாடையை அசையுங்கள், புன்னகை செய்யுங்கள். எந்த அசைவில் எந்தப் பக்கம் ஒலி மெலிகிறதோ அந்தப் பக்கம் கசிகிறது. என் இடது காது தாடையைத் திறந்தவுடன் கைவிட்டுக்கொண்டிருந்தது. சாப்பிட்டுக்கொண்டே பாட்டுக் கேட்பவர்கள் இதைக் கட்டாயம் சோதிக்க வேண்டும்.

செருகும் முறையும் முக்கியம். வலது கையைத் தலைக்கு மேலாகக் கொண்டுபோய் இடது காது மடலை மேலும் பின்னுமாக இழுத்துப் பிடித்தால் குழாய் நேராகிறது. வாயைச் சற்றே திறந்துகொண்டு இடது கையால் மெல்லத் திருகி உள்ளே அனுப்பி, பிறகு மடலை விடவேண்டும். வேகமாக அழுத்தினால் உள்ளே அடைபட்ட காற்று டிரைவரின் சவ்வைத் தள்ளி, மிட்டாய்க் காகிதம் கசங்குவது போன்ற சத்தம் எழும். எடுக்கும்போதும் திருகி, காற்று நுழைய இடம் கொடுத்த பிறகே வெளியே இழுக்க வேண்டும். செவிப்பறை நமக்கு ஒன்றுதான் ஒரு பக்கத்துக்கு.

ஆழம் மாறினால் ட்ரெபிளும், அதாவது மேல் அலைவரிசையும் மாறும். டிப்புக்கும் செவிப்பறைக்கும் இடையே உள்ள காற்றுத்தூணின் நீளம் சுமார் 2 செ.மீ. என்றால், அரை அலைநீளக் கணக்கில் ஒத்ததிர்வு 8,500 ஹெர்ட்ஸ் பக்கம் விழும். ஆழமாகச் செருகினால் தூண் குறுகும், ஒத்ததிர்வு மேலே நகரும். ‘ஸ’, ‘ஷ’ ஒலிகள் ஒரு காதில் குத்தி மறு காதில் குத்தாமல் இருப்பதற்கு இதுவே பெரும்பாலும் காரணம். இணையத்தில் நாம் பார்க்கும் அளவீட்டு வரைபடங்களில் 8 கிலோ ஹெர்ட்ஸ் அருகே எழும் சிகரமும் அளவுக் கருவிக்குள் எவ்வளவு ஆழம் செருகினார்கள் என்பதைப் பொறுத்தது. அந்த ஒரு சிகரத்தை வைத்து ‘இது கூர்மையான இயர்போன்’ என்று தீர்ப்பெழுதுபவர்களைக் கண்டால் எனக்குக் கோபம் வருகிறது.

டிப் வகைகளில் என் அனுபவம்: வாய் அகன்ற சிலிக்கான் டிப்பில் ட்ரெபிள் திறந்து வருகிறது, வாய் குறுகியதில் பேஸ் முன்னால் வருகிறது. ஃபோம் டிப் வலது, இடது வித்தியாசத்தை அழகாக மறைத்துவிடும், ஏனென்றால் அது குழாயின் வடிவத்துக்கே விரிகிறது. ஆனால் சென்னைப் புழுக்கத்தில் வியர்வை பட்டுச் சீக்கிரம் தளர்ந்துவிடுகிறது, ட்ரெபிளின் மினுமினுப்பையும் கொஞ்சம் தின்றுவிடுகிறது. ஸ்பின்ஃபிட் சிபி100 என்ற டிப் என் இடது காதுக்கு ஏற்றதாக அமைந்தது. அதன் தலை, தண்டின் மேல் சற்றே அசைந்து கொடுக்கும்; குழாய் எந்தப் பக்கம் வளைகிறதோ அந்தப் பக்கம் தானும் சாய்கிறது. ஃபைனலின் இ வகை டிப் ஐந்து அளவுகளில் வருவதால் அளவு தேடுபவர்களுக்கு நல்ல தொடக்கம்.

வாங்கும் விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. இணைய விற்பனையாளர் ஒருவர் அசல் என்று சொல்லி எனக்கு அனுப்பிய டிப்புகள் போலி. அச்சு ஓரத்தில் பிசிறு இருந்தது, ஒரே பொட்டலத்தில் இரண்டு டிப்புகளின் விட்டம் வேறு வேறாக இருந்தது. இடது, வலது சமநிலைக்காக அலைபவனுக்கு இதைவிடப் பெரிய துரோகம் கிடையாது. திருப்பி அனுப்பவும் மனமில்லாமல் ஒரு வாரம் எரிச்சலோடு திரிந்தேன். சென்னையின் மின்னணுப் பொருள் சந்தையான ரிச்சி தெருவுக்கு நேரில் போய்க் கையில் எடுத்து, அழுத்தி, ஒன்றோடொன்று ஒட்டிப் பார்த்து வாங்குவதே எனக்குத் திருப்தி. எல்லாப் பிராண்டும் அங்கே கிடைக்காது என்பது உண்மைதான். பெயர் இல்லாத சாதாரண சிலிக்கான் டிப்புகளிலேயே சில அருமையாக அமைகின்றன.

இனி ஒப்பீடு. முதலில் ஒலியளவைச் சமப்படுத்த வேண்டும், இல்லாவிட்டால் சத்தமாக ஒலிப்பதே நல்லதாகத் தோன்றும். இங்கே பெட்டியில் அச்சிட்ட எண்கள் குழப்பும். இ3000க்கு 100 டெசிபல், ஆரியாவுக்கு 122 டெசிபல் என்று பார்த்தவுடன் இ3000க்கு ஒலியைப் பெருக்கத் தனி ஆம்ப் வேண்டும் என்று பலர் சொல்கிறார்கள். முதல் எண் ஒரு மில்லிவாட்டுக்கு, இரண்டாவது எண் ஒரு வோல்ட்டுக்கு. இ3000இன் மின்தடை 16 ஓம். அதில் ஒரு மில்லிவாட் என்பது சுமார் 0.126 வோல்ட். அதை ஒரு வோல்ட்டுக்கு ஏற்றினால் 18 டெசிபல் கூடி 118 ஆகிறது. வித்தியாசம் நான்கே டெசிபல். இயர்போனைப் போனில் இணைக்கும் சாதாரண டைப்-சி டாங்கிளில் இரண்டு படி ஒலியைக் கூட்டினால் தீர்ந்தது. ஆம்ப் வாங்க வைத்திருக்கும் பணத்துக்கு டிப் வாங்குங்கள்.

நான் கேட்டது பெரும்பாலும் கச்சேரிப் பதிவுகள். மிருதங்கத்தை விடக் கடுமையான தேர்வு இயர்போனுக்குக் கிடையாது என்பது என் உறுதியான கருத்து. தொப்பியில் ரவைப் பூச்சு ஏற்றிய ஆழ்ந்த நாதம் ஒரு பக்கம்; வலப்பக்கத் தோலான வலந்தலையில் சுருதி சுத்தமாக நிற்கும் மேல்நாதங்கள் மறுபக்கம். தோல் வாத்தியமாக இருந்தும் வலந்தலையின் மேல்நாதங்கள் முழு எண் விகிதத்தில் அமைகின்றன என்பதை சி.வி. ராமன் 1920இலேயே ‘நேச்சர்’ இதழில் எழுதினார். அந்த மேல்நாதங்களின் அடுக்கு குலைந்தால் மீட்டு என்ற வலந்தலை அடி தகரத்தில் தட்டியதாகிவிடும். கூடவே தம்புரா இருந்தால் தந்திக்கு அடியில் வைக்கும் நூலான ஜீவாளியின் ரீங்காரம் ட்ரெபிளைச் சோதித்துவிடும்.

ஹெக்ஸாவில் வலந்தலை அற்புதம். சாப்பு என்ற அடி ஒவ்வொன்றும் விரல் பட்ட இடம் தெரியும்படி விழுகிறது. வயலினும் குரலும் ஒன்றன்மேல் ஒன்று ஏறாமல் தனித்தனியாக நிற்கின்றன. தொப்பி ஆழமாக இறங்குகிறது, ஆனால் தோலின் உதைப்பு எனக்கு இன்னும் கொஞ்சம் வேண்டியிருக்கிறது. டிப்பை மாட்டும் முனையான நாசில் நான்கில் இதில்தான் தடிமனானது. என் காதில் சிறிய டிப்போடும் ஒரு மணி நேரத்துக்கு மேல் தாங்குவதில்லை. காது அகன்றவர்களுக்கு அந்தச் சிக்கல் வராது. ரெசின் உடல் என்பதால் எடை தெரியவே இல்லை.

ஆரியா உலோக உடல், அந்தக் கனம் காதில் உணரத் தெரிகிறது. ஒலி இதமானது. சினிமாப் பாட்டுகளுக்கு நான்கில் இதையே முதலில் எடுப்பேன், பேஸ் கிட்டாரின் உருட்டல் அவ்வளவு சுகமாக வருகிறது. கச்சேரிக்கு அந்த உருட்டல் சற்று அதிகம், தம்புராவின் மேல் முனை மங்குகிறது. வாய் அகன்ற டிப் போட்டவுடன் மங்கல் பெருமளவு தெளிந்தது.

இ3000ஐ நான் நேசிக்கிறேன். மெலிந்த உருளை உடல் காதில் இருப்பதே தெரியாது. நாகஸ்வரத்தின் உச்சஸ்தாயி மற்றவற்றில் அரை மணியில் காதைக் களைப்பாக்குகிறது. இதில் ஆலாபனை முழுவதையும் கேட்டு முடிக்கலாம். ட்ரெபிள் பின்வாங்கியிருப்பது குறைதான், ஜீவாளி பாதிதான் கேட்கிறது. கேபிளைக் கழற்ற முடியாது, சட்டையில் உரசும் ஓசை மேலே ஏறி வரும். காதுக்கு மேலாகச் சுற்றிப் போட்டுக்கொண்டால் உரசல் அடங்கிவிடும். மூன்று மணி நேரக் கச்சேரிக்கு என் கை தானாக இதைத்தான் தேடுகிறது.

அடுத்து எட்டிமோட்டிக் நிறுவனத்தின் ஈஆர்2எக்ஸ்ஆர் இயர்போன் மீது கண். மூன்றடுக்கு டிப்போடு ஆழச் செருகும் வகையை 1991இல் வந்த ஈஆர்4இலிருந்தே அந்த நிறுவனம் விடாமல் பிடித்திருக்கிறது. ஆழம்தான் என் இடது காதுக்கு மருந்து என்று தெரிந்த பிறகு அதைக் கேட்காமல் இருக்க முடியவில்லை. செவித்திறன் மையங்களில் காதுக்கு அச்சு எடுத்துத் தனி டிப் வார்த்துத் தருவார்கள், அதையும் விசாரிக்கத் தொடங்கியிருக்கிறேன். யாராவது செய்திருந்தால் எந்தப் பொருளில் வார்த்தார்கள், வியர்வையில் வழுக்குகிறதா என்று சொல்லுங்கள்.

ஐஈ 200 மட்டும் பாதியில் நிற்கிறது. உடல் மிகச் சிறியது, படுத்துக்கொண்டு கேட்டாலும் தலையணை அதைத் தொடாது. சௌகரியத்தில் இ3000க்குச் சரியான போட்டி. ஆனால் அதில் டிப்பை நாசிலில் இரண்டு நிலைகளில் மாட்டலாம், நிலை மாறினால் பேஸின் அளவு மாறும். அது அவர்களே டிப்போடு சேர்த்து அமைத்த வசதி. நான் வேறு நிறுவனத்து டிப் மாட்டியவுடன் அந்த இரண்டு நிலைகளும் அதே போல் அமைவதில்லை. ஸ்பின்ஃபிட்டில் இடது காது அடைகிறது, நிலை நழுவுகிறது. அவர்களின் சிறிய டிப்பில் நிலை நிற்கிறது, தாடையைத் திறந்தால் கும்கி போய்விடுகிறது. அவர்களின் டிப்பிலேயே மெல்லிய ஃபோம் வளையம் ஒன்றை உள்ளே செருகிப் பார்க்கப்போகிறேன். கேபிளைக் கழற்றி மாட்டும் எம்எம்சிஎக்ஸ் இணைப்பும் சற்று உள்வாங்கியிருக்கிறது, ஆகவே மாற்றுக் கேபிள் வாங்குபவர்கள் முனையின் அளவைப் பார்த்து வாங்குங்கள். ஃபோம் வளையத்துக்கு 4 மி.மீ. துளைப்பான் வேண்டும், சனிக்கிழமை ரிச்சி தெருவில் தேடுகிறேன்.